முதலில் கேட்டுவிட்டு, பிறகு வாங்கினார்களா? – இசை வாசகர் கேள்வி பதில்

கேசட் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இணையத்தில் பாட்டுப் பகிர்வு தொடங்கிய ஆண்டுகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நாப்ஸ்டர் என்பது பாட்டு இறக்கும் ஒரு வலைத்தளம்தானே? அதற்கு முன்பே எம்பி3 தளங்கள் இருந்தனவாம். பிறகு ஏன் அதை மட்டும் பெரிதாகப் பேசுகிறார்கள்?
– கல்லூரி மாணவர், சிம்மக்கல்

வலைத்தளம் இல்லை. கணினியில் நிறுவிக்கொள்ளும் ஒரு சிறு மென்பொருள். பாஸ்டனில் கல்லூரி மாணவராக இருந்த ஷான் ஃபேனிங் எழுதி, 1999 ஜூனில் வெளிவந்தது. முன்பிருந்த எம்பி3 தளங்களில் பாட்டு ஏதோ ஒரு சர்வரில் கிடக்கும். யாராவது புகார் கொடுத்தால் சர்வர்காரர் அழித்துவிடுவார். இன்று இருந்த இணைப்பு நாளை செத்துப்போயிருக்கும். நாப்ஸ்டரின் சர்வரில் பாட்டே கிடையாது, பாட்டுகளின் பட்டியல் மட்டும்தான் இருந்தது. உங்கள் கணினியில் எந்த ஃபோல்டரைப் பகிரலாம் என்று காட்டிவிட்டு உள்ளே நுழைந்தால், அதிலுள்ள எம்பி3 கோப்புகளின் பெயர்கள் பட்டியலில் சேர்ந்துவிடும். தேடுபவருக்குக் கோப்பின் பெயர், அளவு, பிட்ரேட் (ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு), யாரிடம் இருக்கிறது, அவருடைய இணைப்பு எவ்வளவு வேகம் என்பதெல்லாம் வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அவர் கணினியிலிருந்து உங்கள் கணினிக்கு நேராகப் பாட்டு வரும். பாதியில் அவர் இணைப்பைத் துண்டித்தால் பாட்டும் பாதியில் நின்றுவிடும்.

அதில் ‘ஹாட் லிஸ்ட்’ என்று ஒரு வசதி இருந்தது. ஒருவரிடம் ஒரு பாட்டு எடுத்ததும், அவர் ஃபோல்டரில் வேறு என்னென்ன இருக்கிறது என்று முழுதாகப் பார்க்கலாம். உங்களுக்குப் பிடித்த ஒன்றை வைத்திருப்பவர், நீங்கள் பெயரே கேட்டிராத இருபது பாட்டு வைத்திருப்பார். இலங்கை வானொலி அறிவிப்பாளரும் ஊர்த் திருவிழா மைக் செட்காரரும் நமக்குச் செய்துவந்த வேலையை, முகம் தெரியாத ஒருவரின் ஃபோல்டர் செய்தது. புதுப் பாட்டை அறிமுகப்படுத்துவதில் நாப்ஸ்டருக்கு இருந்த பலம் தேடும் பெட்டியைவிட இந்த எட்டிப்பார்த்தலில்தான் அதிகம் என்பது எங்கள் கருத்து.

மையப் பட்டியல் இருந்தது அதன் வசதி, அதுவே பலவீனமும் ஆனது. 1999 டிசம்பரில் அமெரிக்க இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2000 ஏப்ரலில் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழுவும் வழக்குப் போட்டு, தங்கள் பாட்டைப் பகிர்ந்த 3,35,435 பயனர்களின் பட்டியலையே கொண்டுவந்து கொடுத்தது. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. பட்டியல் ஓரிடத்தில் இருந்ததால் அந்த ஓரிடத்தை மூடினால் போதுமானதாக இருந்தது. பின்னால் வந்த நூட்டெல்லா, கஸா, டோரண்ட் போன்ற பகிர்வு முறைகள் எல்லாம் அந்த ஓரிடத்தை இல்லாமல் ஆக்கும் முயற்சிகள்தான்.

டவுன்ஹால் ரோட்டில் பதினெட்டு ஆண்டு கேசட் கடை வைத்திருந்தேன். எங்கள் தொழிலைக் கெடுத்தது இணையமா, எம்பி3 சிடியா? 2000-ல் மதுரையில் எத்தனை வீட்டில் இணையம் இருந்தது, இதைப் போய் காரணம் சொல்கிறார்களே?
– முன்னாள் கடைக்காரர், மதுரை

ஐயா, உங்கள் சந்தேகம் நியாயமானது. முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 128 கேபிபிஎஸ் பிட்ரேட் (நொடிக்கு 128 கிலோபிட்) உள்ள எம்பி3 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 5 எம்பிக்குச் சற்றுக் குறைவு. 56 கே மோடத்தில் நொடிக்கு 4 கேபி வந்தாலே நல்ல நாள். ஆக ஒரு பாட்டுக்கு இருபது நிமிடம். நடுவில் யாராவது அந்தத் தொலைபேசிக்கு அழைத்தால் அவருக்கு எங்கேஜ் ஒலிக்கும், வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பே அறுந்துவிடும். ஒரு படத்தின் ஆறு பாட்டுக்கு இரண்டு மணி நேரம், அதற்குத் தொலைபேசிக் கட்டணம் தனி. கேசட் வாங்குவதே மலிவு.

பிரௌசிங் சென்டரில் இறக்கினாலும் வீட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. ஃபிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்பி. ஒரு பாட்டை நான்கு துண்டாக வெட்டி நான்கு ஃபிளாப்பியில் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து சேர்க்கும்போது மூன்றாவது ஃபிளாப்பி படிக்கவில்லை என்றால் நான்கும் வீண்.

எனவே நம் ஊரில் இணையம் வீடு வீடாக நுழைந்து கேசட்டைத் தள்ளவில்லை. எங்கோ வேகமான இணைப்பு உள்ள ஒருவர் இறக்கினார் அல்லது ஒரிஜினல் ஆடியோ சிடியை எம்பி3 ஆக மாற்றினார். அது சிடி ரைட்டர் உள்ள ஒருவரிடம் வந்தது. 700 எம்பி சிடியில் ஐந்து நிமிடப் பாட்டு 145 அடங்கும். உங்கள் கடையில் விற்ற 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு என்று பன்னிரண்டு பாட்டு. பன்னிரண்டு கேசட்டின் சரக்கு ஒரே தட்டில் வந்ததும், எம்பி3 படிக்கும் மலிவு விசிடி பிளேயர் வந்ததும் ஒரே சமயம். அதற்குப் பிறகு செல்போன் கடை வாசலில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று பலகை தொங்கியது. இணையத்தை ஒரு முறைகூடத் தொடாத ஆயிரம் பேருக்கு, ஒரே ஒரு இணைப்பிலிருந்து பாட்டுப் போய்ச் சேர்ந்தது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: கையில் அடித்தது எம்பி3 சிடி, அதற்குச் சரக்கு வரத்து இணையம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆல்பத்தைப் பிரித்து விற்பதை நாப்ஸ்டர் கண்டுபிடிக்கவில்லை. ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து கேசட் வாங்கிப்போன வாடிக்கையாளரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு வேண்டியது ஒவ்வொரு படத்திலும் ஒன்றோ இரண்டோ. படக் கேசட் வாங்கினால் மீதி நான்கையும் சேர்த்து வாங்க வேண்டும், சில கேசட்டில் பி பக்கத்தில் வேறு படத்துப் பாட்டும் ஒட்டிக்கொண்டு வரும். அமெரிக்காவிலும் இதே மனக்குறை, அங்கே ஒரு பாட்டுக்காக முழு சிடி வாங்க வேண்டியிருந்தது. ஆப்பிள் 2003 ஏப்ரல் 28 அன்று ஒரு பாட்டு 99 சென்ட் என்று இணையத்தில் கடை திறந்தபோது முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே இவ்வளவு பாட்டுக்குக் காசு கொடுத்தார்கள்.

முன்பு ஒரு பாட்டை வேண்டும்போது கேட்க வேண்டுமென்றால் கேசட்டை வாங்கித்தான் ஆக வேண்டும். வானொலியும் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியும் ருசி காட்டும், வயிறு நிறைய வேண்டுமென்றால் கடைக்கு வர வேண்டும். கேட்பதும் வாங்குவதும் ஒரே முடிச்சில் இருந்தன. கோப்புப் பகிர்வு அந்த முடிச்சை அவிழ்த்தது. முழுதாகக் கேட்டுத் தீர்த்த பிறகு வாங்குவது அவரவர் விருப்பம் என்றாகிவிட்டது. நல்ல பாட்டு இரண்டை வைத்து மீதி நான்கையும் தள்ளிவிட்ட நடுத்தர ஆல்பம்தான் இதில் முதலில் சரிந்தது. அந்த நடுத்தரச் சரக்கை வைத்துத்தான் கடை வாடகை கட்டினீர்கள். உங்களுக்கு வந்த நஷ்டம் உண்மை, அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

கோப்புப் பகிர்வால் ஆல்பம் விற்பனை குறைந்தது என்கிறார் ஒரு நண்பர். விளம்பரமாகி விற்பனை கூடியது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
– வாசகி, அண்ணா நகர்

மொத்தத் தொகையைப் பார்த்தால் முதல் நண்பர் பக்கம் கனம் அதிகம். அமெரிக்காவில் பதிவிசை வருமானம் 1999-ல் 1,460 கோடி டாலர் என்ற உச்சத்தைத் தொட்டது. அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. ஆனால் அதே ஆண்டுகளில்தான் டிவிடியும் வீடியோ கேமும் செல்போனும் அதே பணப்பைக்குப் போட்டி போட்டன. பழைய எல்பி ரெக்கார்டை சிடியாக மறுபடி வாங்கிய அலையும் ஓய்ந்திருந்தது. இவற்றைப் பிரித்தெடுப்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டை.

ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ஃப் என்ற இருவர் 2002-ன் கடைசி மாதங்களில் உண்மையாக நடந்த பதிவிறக்கங்களை 680 ஆல்பங்களின் அமெரிக்க விற்பனையோடு ஒப்பிட்டார்கள். புகழ்பெற்ற ஆல்பம் பதிவிறக்கத்திலும் முந்தும், விற்பனையிலும் முந்தும். எது எதற்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஓர் உபாயம் செய்தார்கள். ஜெர்மனியில் பள்ளி விடுமுறை விட்டால் அங்கே பிள்ளைகள் அதிகம் பகிர்வார்கள், அமெரிக்காவில் இறக்குவது எளிதாகும். ஆனால் ஜெர்மன் விடுமுறைக்கும் அமெரிக்கக் கடை விற்பனைக்கும் வேறு தொடர்பில்லை. அந்த வாரங்களில் விற்பனை இறங்குகிறதா என்று பார்த்தார்கள். பாதிப்பு பூச்சியத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவு என்று 2007-ல் வெளியிட்டார்கள். லீபோவிட்ஸ் என்ற பொருளியலாளர் இதைக் கடுமையாக மறுத்து, சரிவின் பெரும்பகுதிக்குப் பகிர்வுதான் காரணம் என்று வாதிட்டார். அவருக்குப் பின் வந்த ஆய்வுகளில் பலவும் ஓரளவு இழப்பு உண்டு என்ற பக்கமே சாய்ந்தன.

இரண்டாவது நண்பருக்கும் ஒரு சான்று உண்டு. ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘கிட் ஏ’ ஆல்பம் 2000 அக்டோபரில் கடைக்கு வருவதற்கு முன்பே நாப்ஸ்டரில் கசிந்திருந்தது. வந்ததும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தக் குழு அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. ஆனால் அதிலிருந்து தனிப்பாட்டு எதுவும் கடைக்கு வரவில்லை, வழக்கமான வீடியோ விளம்பரமும் இல்லை. முழுதாகக் கேட்கவென்றே செய்த ஆல்பம் அது. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

தமிழ்த் திரையிசையில் கணக்கே வேறு. தயாரிப்பாளர் பாட்டு உரிமையை ஆடியோ கம்பெனிக்கு மொத்தமாக விற்றுவிடுவார். கேசட் விற்காவிட்டால் அடி கம்பெனிக்கு, அடுத்த படத்துக்கு உரிமை விலை குறையும். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பெரும்பாலும் கிடைத்தது ஒரு முறைச் சம்பளம்தான். அவர்களுடைய ராயல்டி உரிமையைப் பறிக்க முடியாதபடி சட்டம் திருத்தப்பட்டது 2012-ல்.

பழைய எம்பி3 கோப்புகளில் இசையமைப்பாளர் பெயர் ஏன் இவ்வளவு தப்பும் தவறுமாக இருக்கிறது? எழுபது எண்பதுகளின் மெல்லிசை எல்லாம் இளையராஜா என்றே இருக்கிறது.
– ஆசிரியர், மேலூர்

கோப்புக்குப் பெயர் வைத்தவர் கேசட் உறையைப் பார்க்கவில்லை. பல சமயம் உறையே இல்லாத ரெக்கார்டிங் கேசட்டிலிருந்துதான் மாற்றினார். நினைவில் இருப்பதை எழுதுவார். தேடுபவர் பெரிய பெயரைத்தான் தட்டச்சு செய்வார் என்பதால், பெரிய பெயர் ஒட்டிய கோப்பு அதிகம் நகலாகும். சரியான பெயரோடு இருந்த கோப்பு யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். சங்கர் கணேஷுக்கும் வி. குமாருக்கும் ஷியாமுக்கும் நேர்ந்தது இதுதான். எத்தனையோ பாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க உதவிய அதே வழி, செய்தவரின் பெயரை அழித்தது. எங்களுக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் இருந்தது. எம்பி3 கோப்புக்குள் பாட்டு விவரம் எழுதும் இடத்துக்கு ஐடி3 டேக் என்று பெயர். அந்தக் காலத்து முதல் பதிப்பில் அது கோப்பின் கடைசி 128 பைட். பாட்டின் பெயருக்கு 30, பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30 எழுத்து, மீதியில் ஆண்டும் ஒரு சிறு குறிப்பும் பாட்டின் வகையும். இசையமைப்பாளருக்கென்று தனி இடமே இல்லை. பாடகர் இடத்தில் இசையமைப்பாளரை எழுதினால் பாடியவர் போய்விடுவார்.

சுருதி மாறியிருப்பதும் சகஜம். கேசட் டெக் 6 சதவீதம் வேகமாக ஓடினால் பாட்டு அரைக் கட்டை மேலே போய்விடும். பாடிப் பழகுபவர்கள் ரெக்கார்டோடு ஒப்பிட்டுவிட்டு வேகத்தைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

2003-ல் எழுதிய எம்பி3 சிடிகள் நாற்பது இருக்கின்றன. பாதி திறக்கவில்லை. சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன. மீட்க முடியுமா?
– வாசகர், உசிலம்பட்டி

பெரும்பாலும் முடியும். அவசரப்படாதீர்கள்.

முதலில் தட்டின் மேல்பக்கத்தை, பெயர் எழுதும் பக்கத்தை, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தரவு அடுக்கு அந்தப் பக்கத்து வார்னிஷுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. அங்கே கீறல் விழுந்து வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது. அடிப்பக்கக் கீறல் அவ்வளவு மோசமில்லை, அது பிளாஸ்டிக்கில்தான் இருக்கிறது. ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டாம், அடுக்கையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தரவின் போக்கிலேயே நீளும், டிரைவால் தாண்ட முடியாது.

பிறகு வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். பழைய சிடிராமில் படிக்காதது டிவிடி ரைட்டரில் படிக்கும். டிரைவ் படிக்கும் வேகத்தை 8 எக்ஸுக்குக் குறையுங்கள். சாதாரணமாக இழுத்துப் போட்டு நகலெடுக்காதீர்கள். விண்டோஸ் ஒரு செக்டார் (தட்டில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) படிக்கவில்லை என்றாலே முழுப் பாட்டையும் கைவிட்டுவிடும். ஆனால் ஒரு செக்டார் என்பது 2048 பைட். 128 கேபிபிஎஸ் பாட்டில் அது ஒரு நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஒரு சின்னச் சொடக்கு கேட்கும், பாட்டு தொடரும். அதனால் டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளில் பிளாக் அளவை 2048 என்று வைத்து, முதல் சுற்றில் கெட்ட இடத்தைத் தாண்டி நல்லதையெல்லாம் எடுத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் மட்டும் கெட்ட இடங்களை மறுபடி முயலுங்கள். ஒரே தட்டுக்கு மூன்று மணி நேரம் ஆனாலும் ஆகும்.

சில தட்டில் பத்துப் பாட்டு மட்டும் தெரிந்து, பாதி தட்டு எழுதப்பட்டது போலப் பளபளப்பு மாறியிருக்கும். அது பல தடவையாக எழுதிய தட்டு. கடைசி செஷன், அதாவது கடைசித் தடவை எழுதியது, மட்டும் தெரிகிறது. ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் திறந்தால் முந்தைய செஷன்கள் தனித்தனியாக வரும்.

கிறுக்கல் எழுத்து கெட்டுப்போன எழுத்து இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துக் குறியீடு அப்போது பரவியிருக்கவில்லை. டிஸ்கி, டாப் என்ற குறியீடுகளில் எழுதியிருப்பார்கள். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றியில் ஒட்டி, ஒவ்வொரு குறியீடாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் தமிழ் தெளிந்துவிடும்.

மீட்டதை மறுபடி 320 கேபிபிஎஸ்ஸுக்கு மாற்றாதீர்கள். 128-ல் போன ஒலி திரும்பாது, கோப்புதான் பெருக்கும். அப்படியே இரண்டு இடத்தில் வையுங்கள்.

எம்பி3 சிடி விற்றது குற்றம் என்றால், சொந்தக் கேசட்டைக் கணினியில் ஏற்றிக்கொள்வதும் குற்றமா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு இடம் தருகிறது. விற்பதற்கு நகலெடுத்தால் 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நாங்கள் வாடிப்பட்டிப் பக்கம் மேளக் குழு. எங்கள் வாசிப்பை யாரோ செல்போனில் எடுத்துப் போட்டது ஊரெல்லாம் சுற்றுகிறது, எங்கள் பெயர் எங்கேயும் இல்லை. நாங்களே போட்டால் பயன் உண்டா?
– குழுத் தலைவர்

கட்டாயம் போடுங்கள். உங்கள் வருமானம் கச்சேரி அழைப்பில் இருக்கிறது, பதிவு அந்த அழைப்பைக் கொண்டுவரும். பெயர் இல்லாமல் சுற்றினால் அழைப்பு வேறு குழுவுக்குப் போகும்.

செல்போனில் எடுக்காதீர்கள். தப்பும் உறுமியும் விழும் வேகத்தில் அதன் தானியங்கி ஒலியளவு ஏறி இறங்கி, நாதஸ்வரத்தை அமுக்கிவிடும். கைக்கடக்கமான ரெக்கார்டரை வாடகைக்கு எடுங்கள். தானியங்கி ஒலியளவை அணைத்துவிட்டு, 24 பிட் வேவ் கோப்பாக, குழுவுக்கு எதிரே மூன்று நான்கு மீட்டர் தள்ளி, தலை உயரத்துக்கு மேல் ஸ்டாண்டில் வையுங்கள். உச்ச அடியில் முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. சுவர் ஓரம் வேண்டாம், திறந்த மைதானம் நல்லது.

சினிமாப் பாட்டு வாசித்ததைப் போட்டால் அந்தப் பாட்டின் உரிமையாளர் வருமானத்தை எடுத்துக்கொள்வார் அல்லது நீக்கச் சொல்வார். ஊர் வழிவழியாக வாசித்துவரும் அடிகளையும் சாமி அழைப்பையும் போடுங்கள். அந்த மெட்டுகள் யாருடைய சொத்தும் இல்லை, உங்கள் பதிவு உங்களுடையது. ஒலிப்பதிவு உரிமை 60 ஆண்டு நிற்கும். விநியோகத் தளம் மூலம் ஏற்றினால் ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாள எண் கிடைக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அதே பதிவைத் தன் பெயரில் ஏற்றினால் அந்த எண்ணும் ஏற்றிய தேதியும் உங்களுக்குச் சாட்சி.

ஒரு மணி நேரப் பதிவை ஒரே கோப்பாகப் போடாதீர்கள். அடி மாறும் இடத்தில் வெட்டி, நான்கு ஐந்து நிமிடமாகப் பிரியுங்கள். தலைப்பில் அடியின் பெயர், குழுவின் பெயர், ஊர் மூன்றும் வரட்டும். வாசித்த ஒவ்வொருவரின் பெயரும், அவர் வாசித்த வாத்தியமும் விவரத்தில் இருக்கட்டும். கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், ஏற்றும் அன்றைக்கே எழுதுங்கள். ஒருமுறை நகல் கிளம்பிவிட்டால் பிறகு திருத்தியது எந்த நகலுக்கும் போய்ச் சேராது.